புதுப்பிப்பு: அப்பாவின் மதிய மாத்திரையும் மஞ்சள் டேப்பும்

பார்க்கின்சன் (உடல் அசைவைப் பாதிக்கும் நரம்பு நோய்) உள்ள அப்பாவுக்கு மதிய மாத்திரை வேலை செய்வதில்லை, சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நரம்பியல் டாக்டரிடம் கேட்டோம். லெவோடோபாவை (அதுதான் அந்த மதிய மாத்திரை) பருப்பு சாதத்தோடு கொடுத்ததுதான் தப்பு. புரதமும் அந்த மருந்தும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டி போடுமாம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரோடு கொடுக்கிறோம். பருப்பு, சுண்டலைப் பெரும்பாலும் ராத்திரிக்கு மாற்றிவிட்டோம். (புரதத்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும்.) மாத்திரை அரை மணி தள்ளிப்போனால்கூட சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறார். அதனால் போனில் அலாரம்.

வாசலில் தரையின் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினேன். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்குகிறார், நகர்ந்துவிடுகிறார்! முன்பெல்லாம் அம்மா கையைப் பிடித்து இழுப்பார். இப்போது இழுப்பதில்லை, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறார்.

காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இரண்டு சுற்று நடக்கிறார். நடக்கும்போது உடம்பைத் திருப்புகையில்தான் இன்னும் தடுமாற்றம்.

அப்புறம், குரல் ரொம்பத் தணிந்துவிட்டது. மயிலாப்பூர் பக்கம் பேச்சுப் பயிற்சிக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.