நெல் மில் டேஷ்போர்டு: டேட்டாபேஸோடு நேரடி இணைப்பா, இம்போர்ட்டா?

மன்னை_மில்கணக்கு:
மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எடைமேடை மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ்) எழுதுகிறது: வண்டி எண், ரகம், ஈரப்பதம், மூட்டை, எடை. முதலாளிக்கு இதெல்லாம் பவர் பிஐ என்னும் அறிக்கை மென்பொருள் மூலம் டிவியில் உடனுக்குடன் தெரிய வேண்டுமாம். டைரக்ட் குவரியில் (ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸையே கேட்பது) நேராக இணைக்கலாமா, இம்போர்ட் (அவ்வப்போது நகல் எடுத்து வைப்பது) போதுமா? தை பிறந்தால் சம்பா வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

குடந்தை_டிபிஏ:
இம்போர்ட்தான், யோசிக்கவே வேண்டாம். டைரக்ட் குவரியில் திரையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பும். பன்னிரண்டு கட்டம் வைத்துவிட்டு, முதலாளி பிபிடி ரகம் மட்டும் என்று ஃபில்டரைத் தட்டினால் பன்னிரண்டும் மறுபடி ஓடும். எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பு அமைப்பில் படிப்பதற்கும் பூட்டு விழும், அதாவது படித்து முடியும் வரை அந்த வரிசைகளில் எழுதுபவர் காத்திருக்க வேண்டும். பெரிய கூட்டல் ஓடும்போது எடைமேடையில் சீட்டு சேவ் ஆகாமல் சுற்றும். வெளியே டிரைவர் ஹாரன் அடிப்பார்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, பவர் பிஐ புரோ உரிமத்தில் இம்போர்ட் நகலைப் புதுப்பிக்க ஒரு நாளைக்கு 8 ரிஃப்ரெஷ்தான். காலையில் களத்தில் நின்ற வண்டியை மதியம் டிவியில் பார்த்து என்ன செய்வது? 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காத நெல்லும் இப்படிப்பட்ட மில்லுக்கு வரும். எவ்வளவு ஈரத்தில் எத்தனை மூட்டை இறங்குகிறது என்று அப்போதே தெரிந்தால்தானே டிரையரைத் திட்டமிட முடியும்? பூட்டுக்கும் வழி இருக்கிறது. ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்ற டேட்டாபேஸ் அமைப்பை ஆன் செய்தால் படிப்பவர் எழுதுபவரை மறிக்க மாட்டார். எக்ஸ்பிரஸிலும் அது உண்டு.

குடந்தை_டிபிஏ:
உண்டுதான் தம்பி. ஆனால் டேட்டாபேஸ் அமைப்பு மென்பொருள் கொடுத்தவருடையது. அதில் கை வைத்த பிறகு எது கெட்டாலும் பழி நம் தலையில்தான் விழும். தவிர, எக்ஸ்பிரஸ் தரவுக்குப் பயன்படுத்தும் மெமரி சுமார் 1.4 ஜிபி. அதை வைத்து எடையும் போட வேண்டும், டிவிக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

வலங்கைமான்_ஐடி:
ரெப்ளிகா (தானாகப் புதுப்பிக்கப்படும் நகல் டேட்டாபேஸ்) ஒன்று போட்டு அதில் இணைத்தால் சண்டையே இல்லையே.

குடந்தை_டிபிஏ:
எக்ஸ்பிரஸ் ரெப்ளிகேஷனில் வாங்கும் பக்கம் மட்டுமே இருக்கும், கொடுக்கும் பக்கம் இருக்காது.

மன்னை_மில்கணக்கு:
ரவுட்டரில் 1433 போர்ட்டை (எஸ்க்யூஎல் சர்வரின் வாசல்) இணையத்துக்குத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் சர்வீஸுக்கு வந்தவர்.

வெண்ணாற்றங்கரை:
ஐயோ, வேண்டவே வேண்டாம். இதில் நானும் குடந்தை அண்ணனும் ஒரே கட்சியாகத்தான் இருப்போம். பவர் பிஐயையும் உங்கள் டேட்டாபேஸையும் இணைக்கும் கேட்வே மென்பொருளைப் போடுங்கள். அது உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பில் வேலை செய்யும், போர்ட் திறக்கத் தேவையில்லை. அதன் பெர்சனல் மோடில் டைரக்ட் குவரி ஓடாது, ஸ்டாண்டர்டு வகையைப் போடுங்கள். எடைமேடைக் கணினியில் மட்டும் போடாதீர்கள்.

வலங்கைமான்_ஐடி:
சரி, வேறு வழி சொல்கிறேன். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட். கடைசிச் சீட்டு எண்ணுக்குப் பிறகு வந்த வரிசைகளை மட்டும், படிக்கும் உரிமை மட்டுமே உள்ள பயனர் கணக்கில் எடுத்து, வேறு கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் போடுங்கள். டைரக்ட் குவரி அதில் ஓடட்டும்.

வெண்ணாற்றங்கரை:
எடைமேடையில் நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது! உள்ளே வரும்போது பாரத்தோடு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது காலி வண்டி எடை. அதே சீட்டில்தான் பின்னால் பதிவாகும். புதிய எண்ணை மட்டும் எடுத்தால் நிகர எடை எல்லாம் வெறுமையாகவே நிற்கும்.

வலங்கைமான்_ஐடி:
நல்ல பிடி. அப்படியானால் ஒவ்வொரு முறையும் போஸ்ட்கிரெஸ் நகலில் இன்றைய, நேற்றைய சீட்டுகளை முழுதாக அழித்து எழுதுங்கள். இரவு தங்கும் வண்டியும் அதில் அடங்கிவிடும்.

குடந்தை_டிபிஏ:
இதற்கு ஒத்துக்கொள்கிறேன். பழைய குறுவை, சம்பா கணக்கெல்லாம் இம்போர்ட்டில் இருக்கட்டும், இந்த இரண்டு நாள் அட்டவணை மட்டும் டைரக்ட் குவரி. காம்போசிட் மாடலில் இரண்டையும் ஒரே அறிக்கையில் வைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
ஐந்து நிமிடம் பழையதை லைவ் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

மன்னை_மில்கணக்கு:
ஒரு லாரியை இறக்கவே அதைவிட நேரமாகிறது, அவர் கேட்க மாட்டார். எனக்கு இப்போது கவலை கரண்ட்தான். ஸ்கிரிப்ட் ஓடும் கணினிக்கு யுபிஎஸ் வாங்கப் பணம் கேட்க வேண்டும்.