பைபோலார் உள்ளவர்களின் சின்ன வயசு: உங்கள் அனுபவம்?

லைன்வீட்டுக்காரி, குன்னூர்:
தம்பிக்குப் பைபோலார், மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறி, ஒரு சமயம் அடியோடு இறங்கிவிடும் நோய். 17 வயதில் முதல் தடவை ஏறியது. அதற்குப் பிறகு நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். போன மாதம் புது டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "சின்ன வயசுல வீட்ல அடி உண்டா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து, உறைபனி கொட்டும் தை மாதத்தில் இவனை டவுசரோடு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டதைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பேசியது கண்டிப் பாட்டியைப் பற்றி. 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், அடுத்த லைன் (தோட்டத்து வரிசை வீடு). ராத்திரி எந்நேரமும் அவர் பின்கதவு சும்மா சாத்தித்தான் இருக்குமாம். உள்ளே போனால் ஏன் எதற்கென்று கேட்கமாட்டார். அடுப்போரம் சாக்கை விரித்து, தேத்தண்ணி கொடுப்பாராம். "அந்தக் கதவு இருந்ததாலதான் சார் நான் எங்கேயும் ஓடிப்போகலை" என்றான். அதே வீட்டில் வளர்ந்த அக்கா நான், எனக்கு இது தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாண்டிக்குடி மிளகு:
அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடி வாங்கினால்தான் பைபோலார் வரும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். என்மேல் ஒருவரும் கைவைத்ததில்லை, எனக்கும் இருக்கிறது. பெரியப்பாவுக்கும் இருந்தது. மனசு ஏறியிருந்த நேரத்தில், மிளகு விற்ற பணத்தோடு வத்தலக்குண்டு போனவர் ஒரு வேன் நிறையப் பித்தளை அண்டாவோடு திரும்பினார். ஊரே சிரித்தது, பெரியம்மா மட்டும் வாயே திறக்காமல் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். எனக்கு டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன வாரம், ஒரு சொந்தக்காரர் நடுவீட்டில் உட்கார்ந்து என் அம்மாவிடம் "பிள்ளையை என்ன பண்ணி வளர்த்தே?" என்று கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போனவர் அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அந்த ஆளோடு இன்றுவரை எனக்குப் பேச்சில்லை.

ஊட்டி சிஸ்டர் (ஓய்வு):
ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். வார்டில் ஒரு பையன், மேனியா (மனசு அளவுக்கு மீறி ஏறிய நிலை) தணிந்ததும் முதலில் கேட்டது, "நான் அழுததை அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2016இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பைபோலார் உள்ளவர்கள் சிறுவயதில் கொடுமையோ புறக்கணிப்போ அனுபவித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2.6 மடங்கு என்று தெரிந்தது. திட்டித் திட்டி மட்டம்தட்டி வளர்ப்பதற்கும் நோய்க்கும் இருந்த தொடர்பு இன்னும் வலுவானது. அப்படி வளர்ந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே தொடங்குவதும் அதிகம். ஆகவே டாக்டர் கேட்டது நல்லதே.

அப்புறம், தம்பி இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுத்தால்: நம் குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை விட்டுவிடக் கூடாது. உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. முட்டிவலி என்று மெடிக்கலில் புரூஃபென் வாங்கிப் போடக் கூடாது, ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. தைராய்டு, கிட்னியும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நடுக்கம் கூடி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மனசு தாங்காத ராத்திரிக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள்.

தாண்டிக்குடி மிளகு:
சிஸ்டர், அவங்க தம்பி என்ன மாத்திரை எடுக்கிறார் என்றே சொல்லவில்லையே! லித்தியம் எடுப்பது நான். லேபில் வெறும் வயிறா என்று மட்டும்தான் கேட்பார்கள், காலை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டதே இல்லை. அடுத்த வாரம் திண்டுக்கல் போகிறேன், கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.