பாட்டி புயலைச் சொல்லவில்லை: முதியோருடன் டிஜிட்டல் கதைசொல்லல், சில அனுபவங்கள்

உறுப்பினர், ராமேசுவரம்

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எங்கள் தீவின் முதியவர்களிடம் கேட்காத செய்தியாளர் இல்லை. டிசம்பர் பிறந்தால் கேமராவோடு வந்து, அலை எவ்வளவு உயரம் எழுந்தது, பாம்பனிலிருந்து வந்த ரயில் எப்படி மூழ்கியது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே, எழுபதைத் தாண்டியவர்களுக்காக எங்கள் சமுதாயக்கூடத்தில் டிஜிட்டல் கதைசொல்லல் வகுப்பைத் தொடங்கியபோது, பலரும் அந்தப் பதிலையே தயாராக வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்கள்.

1990-களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் உருவாக்கி, 2001 முதல் 2008 வரை பிபிசி வேல்ஸ் ஊர் ஊராகப் பட்டறை நடத்திப் பரப்பிய முறை இது. சொல்பவரே தம் கதையை ஏறத்தாழ 250 சொற்களில் அமைத்து, தம் குரலிலேயே பதிவுசெய்து, சில படங்களைக் கோத்து இரண்டு மூன்று நிமிடக் காட்சியாக்க வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதெல்லாம் அவர் முடிவு. உடனிருக்கும் நாம் கைபேசியைப் பிடிப்பதும், கேட்டால் மட்டும் யோசனை சொல்வதுமாக இருந்துவிட வேண்டும். சொல்ல எளிது, இருந்து பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும்.

வட்டமாகப் பாயில் அமர்ந்து பேசிய முதல் நாளில், மீனவக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் புயலைத் தொடவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில், சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருப்பவர்களிடம் அவித்த பனங்கிழங்கு விற்றதைச் சொன்னார். ஒரு நாள், சுங்கத்தார் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, அக்கரைக்குப் போகவிருந்த பெண் ஒருத்தி தன் கைக்குழந்தையை இவரிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். திரும்ப வாங்கிக்கொண்டு கப்பலேறியவள் யார், அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்பது இவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் கதை. அன்று நின்றது 'இர்வின்' கப்பலா, 'கோஷன்' கப்பலா என்று பக்கத்திலிருந்த இரண்டு தாத்தாக்கள் வெகுநேரம் வாதிட்டார்கள்.

"புயலப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே பாட்டி?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். "அத எல்லாருந்தான் கேட்டாச்சே தம்பி. இந்தப் புள்ளய யாரு கேட்டா?" என்றார்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. நாங்கள் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தபோது குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிட்டதால், முழுக் கதையையும் பேத்தியிடம் பல முறை சொல்லவைத்து, அவற்றில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டும் கடற்காற்றின் இரைச்சல் பதிவில் இருக்கத்தான் செய்கிறது. பழைய நிழற்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. இருந்தவற்றைக் கடல் கொண்டுபோய்விட்டது. இணையத்தில் மலிந்து கிடக்கும், தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயப் படத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, அங்கே தாம் கிழங்கு விற்கவில்லை என்று மறுத்துவிட்டு, ஓலையால் கட்டிய கிழங்குக் கட்டையும் கொள்ளுப்பேரனை ஏந்திய தம் கைகளையும் எடுக்கச் சொன்னார். எங்கள் தொகுப்பிலேயே சிறந்த படம் இதுதான் என்பது என் கணிப்பு.

இன்னொரு பெரியவர் புயலில் போன தம்பியைப் பற்றிப் பதிவு செய்தார். போட்டுக் கேட்ட பிறகு, வெளியே காட்ட வேண்டாம் என்றார். மெமரி கார்டில் ஏற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்களிடம் இருந்ததை அவர் கண்முன்னே அழித்தோம்.

உறுப்பினர், சிங்கப்பூர்

இங்கே தேசிய நூலக வாரியம் 2011-இல் தொடங்கிய சிங்கப்பூர் நினைவுத் திட்டத்திற்குப் பிறகு, முதியவர்களின் நினைவுகளைத் திரட்டுவது ஓரளவு பழகிய செயலாகிவிட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள நிலையத்தில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒருவர், 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியதைப் பற்றிச் சொல்லாமல், குடியிருப்பில் மலையாளி அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட தண்ணீர்க் குழாயைப் பற்றியே படம் செய்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வராததால் ஆங்கில வசன வரிகள் தேவைப்பட்டன. அவற்றைப் பேத்தியே எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் தாத்தாவிடம் பொருள் கேட்க வேண்டியிருந்ததால், படம் முடிவதற்குள் அவளுக்கு அந்தக் குடியிருப்பின் வீடுகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன.

உறுப்பினர், மதுரை

முதியோர் இல்லத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முதுமையில் கடந்ததை அசைபோடுவது மூளைத் தளர்ச்சியின் அறிகுறி என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், அது வாழ்க்கையைத் தானே மீள்நோக்கும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். அதைப் படித்துவிட்டு எல்லாரையும் பேசவைத்தே தீர வேண்டும் என்று கிளம்புவோரை நான் கண்டிருக்கிறேன். எங்கள் இல்லத்து அம்மா ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, "போதும்மா, இத்தோட விட்டுரு" என்றார். இப்போது அவர் மற்றவர்களின் கதைக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். ராமேசுவரம் உறுப்பினருக்கு ஒரு கேள்வி: தம் பதிவை வெளியே காட்ட வேண்டாம் என்ற அந்தப் பெரியவர், அதன்பிறகும் வகுப்புக்கு வருகிறாரா?

உறுப்பினர், ராமேசுவரம்

வருகிறார். கப்பல் இர்வின்தான் என்று இன்னும் வாதிடுகிறார்.