அரிட்டாபட்டிப் பாறையடியில் பார்த்த மயில் ஆட்டம்

மதுரைப் பக்கம் மயிலைப் பார்க்காதவர்கள் கிடையாது. விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் பைக்கில் போனால் நாலு மயிலாவது குறுக்கே ஓடும். ஆனால் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தவர்கள் குறைவு. எனக்கே அது வாய்க்க ஏழெட்டு வருடம் ஆனது.

மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் பாறை உச்சியை அண்ணாந்து பார்த்து வல்லூறைத் தேடுவார்கள். போன சித்திரையில் நானும் அதற்குத்தான் போனேன். வழியில் கடலை விதைத்திருந்த காட்டில் மயில் விரட்டிக்கொண்டிருந்த ஆத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆடுறதைப் பாக்க நீங்க வர்றீக, கெளர்றதைப் பாக்க நாங்க இருக்கோம் தம்பி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முளைவிட்ட கடலையை ஒரே காலையில் வரிசையாகக் கிளறிப் போட்டிருந்தன. ஆனாலும் இடத்தைக் காட்டினார்: "அந்தப் பாறை ஓரம் தெனமும் ஒண்ணு வந்து நிக்கும். அசையாம உக்காருங்க."

மறுநாள் காலை ஐந்தரைக்கே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. தோகையை விரித்து முதலில் எனக்கு முதுகைத்தான் காட்டியது. அதுவும் நல்லதாகப் போயிற்று. விரிந்த தோகைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டை விசிறி விறைத்து நின்று முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உண்மையான வால் அதுதான், மொத்தம் இருபது இறகு. நாம் தோகை என்று சொல்வது வாலுக்கு மேலே முளைத்து நீளும் மூடிறகுகள்.

பெட்டை ஒன்று மண்ணைக் கொத்திக்கொண்டே வந்தது. ஆண் அதற்கும் முதுகைக் காட்டியபடி, செம்பழுப்பு இறக்கைகளைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே நின்றது. பெட்டை பக்கத்தில் வந்ததும் சட்டென்று திரும்பித் தோகையைச் சிலிர்த்தது. காய்ந்த பனையோலையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். இருபதடி தள்ளி எனக்கே தெளிவாகக் கேட்டது. தோகை முழுக்கப் பச்சையாக நடுங்குகிறது, அதிலுள்ள கண் போன்ற புள்ளிகள் மட்டும் ஒட்டவைத்தது போல நிற்கின்றன. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: நொடிக்குச் சுமார் 25 முறை அதிர்கிறதாம். கண் இருக்கும் இடத்தில் இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பகுதி அசைவதில்லை. சுற்றியுள்ள இழைகள் தனித்தனியாக இருப்பதால் ஆடுகின்றன.

பெட்டை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு கருவேலம் புதருக்குள் போய்விட்டது. ஆண் இன்னும் கொஞ்ச நேரம் வெறும் பாறைக்கு ஆடிவிட்டு மடக்கிக்கொண்டது.

மத்திய அமெரிக்கக் காடுகளில் நீளவால் மனாகின் என்று ஒரு சிறு பறவை இருக்கிறது. அதில் இரண்டு ஆண்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டி ஒரு பெட்டைக்காக ஆடும். பெட்டை சேர்வது பெரும்பாலும் மூத்த ஆணோடுதான். வீடியோவில் பார்த்து வியந்திருக்கிறேன். நம் மயிலுக்கு அந்தத் துணையும் இல்லை, ஒற்றை ஆளாக நின்று ஆட வேண்டும்.

மழை வந்தால் மயில் ஆடும் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் பார்த்தவரை நம் பக்கம் ஆட்டம் மும்முரமாக இருப்பது சித்திரை, வைகாசியில்தான். மதுரைக்குப் பெருமழை ஐப்பசியில். அதற்குள் தோகை உதிர்ந்துவிடும். ஆட்டம் மேகத்துக்கு அல்ல, பெட்டைக்கு.

சந்தேகம் தீர ஐப்பசியில் மறுபடி போனேன். அதே பாறை, நசநசவென்று தூறல். கழுத்து மட்டும் நீலமாக, பின்னால் ஒன்றுமே இல்லாமல் ஒரு ஆண் நனைந்துகொண்டு நின்றது. ஆத்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்ப என்னத்தைப் பாக்க வந்தீக, மொட்டையால்ல நிக்குது? மாசி கழியட்டும் தம்பி, மறுபடி மொளச்சிரும்."