வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வேதாரண்யம் பக்கத்து வீட்டில் என்னென்ன செய்து வைக்கலாம்?

உப்பளத்தான் (கேள்வி):

வேதாரண்யத்துக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு இருக்கிறது. முன்கட்டு ஓட்டு வீடு. பின்னால் கஜா புயலுக்குப் பிறகு கட்டிய ஒற்றைக் கான்கிரீட் அறை. நான் திருப்பூரில் வேலை பார்ப்பதால் அப்பாவும் அம்மாவும் மட்டுமே ஊரில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரண்டு கறவை மாடுகளும், கஜாவில் சாய்ந்தவற்றுக்குப் பதிலாக வைத்து இப்போது காய்ப்புக்கு வந்திருக்கும் நாற்பது தென்னைகளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் ஓடுகள் பறந்தபோது இருவரும் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறார்கள். கைபேசி கோபுரங்கள் செயலிழந்ததால் மூன்றாம் நாள்தான் அது எனக்குத் தெரிந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறேன். அதற்குள் என்னென்ன செய்து வைத்துவிட்டுத் திரும்பலாம்? மெழுகுவத்தி, தீப்பெட்டி என்ற பட்டியல் எங்கும் கிடைக்கிறது. பட்டவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

கடைமடை விவசாயி:

ஐயா, நான் பட்டுக்கோட்டைப் பக்கம். புயல் அடித்தது ஓர் இரவு. எங்களை வதைத்தது அதற்குப் பின் வந்த மூன்று வாரம். ஆகவே அந்த இரவைவிட அடுத்து வரும் நாட்களுக்குத்தான் அதிகமாகத் தயாராக வேண்டும் என்பேன்.

முதலில் தண்ணீர். மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி ஏறாது. எங்கள் தெருவுக்கு 23ஆம் நாள்தான் மின்சாரம் வந்தது. அதுவரை வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினோம். இருநூறு லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கிக் கான்கிரீட் அறைக்குள் வையுங்கள். மனிதர்களுக்கு என்று கணக்குப் போட்டுவிட்டு மாடுகளை மறந்துவிடாதீர்கள். ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். தெருவில் அடிபம்பு இருந்தால் அதன் வாஷரை இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது தென்னை. அடிமட்டையையும் முற்றிய காய்களையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். காற்றுக்குத் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மரமேறுகிறவரை இப்போதே சொல்லி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். கிராமக் கணக்கில் உள்ள பயிர்ப் பதிவேடான அடங்கலில், உங்கள் நிலத்துக்குத் தென்னை என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கஜாவின்போது மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சாய்ந்த மரத்தை எண்ண வருகிறவரிடம் காட்ட, மரங்கள் நிமிர்ந்து நின்றபோது எடுத்த படம் கைவசம் இருந்தால் வாக்குவாதம் குறையும்.

வீட்டில் ஒரு நல்ல கோடாரி இருக்கட்டும். எங்கள் வாசலில் விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்குகிறவரை வண்டி எதுவும் வர முடியவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகை:

தம்பி, மேலே சொன்ன எல்லாம் சரி. ஆனால் பெரியவர்கள் அந்த வீட்டில் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பலரும் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்கள் கப்பல்களுக்கானவை. 8, 9, 10 ஆகிய மூன்றுக்குமிடையே உள்ள வேறுபாடு, கடும் புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மீதே கடக்குமா என்பதுதான். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்காரருக்குப் பயன்படுவது வானிலைத் துறையின் அறிக்கைதான். முதல் புயல் எச்சரிக்கை குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பும், கரை கடக்கும் இடத்தைக் குறிப்பிடும் அடுத்த எச்சரிக்கை 24 மணி நேரத்துக்கு முன்பும் வரும். இரண்டாவது வந்தவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, உறவினர் மாடி வீட்டுக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விட வேண்டும். மூன்று கிலோமீட்டர் தூரம் இருக்கிறதே என்று கடலை அலட்சியம் செய்ய வேண்டாம். கஜாவின்போது புஷ்பவனத்தில் கடல் சேறு ஊருக்குள் வந்து படிந்ததை அப்பா பார்த்திருப்பார்.

புயலின் கண் நேராகக் கடந்தால் காற்று திடீரென நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று ஓட்டைப் பார்க்க வெளியே வருகிறவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று அடித்துப்போடும். வடக்கிலிருந்து அடித்த காற்று நின்றால், தெற்கிலிருந்து வரப்போகிறது என்று கொள்ள வேண்டும்.

மாடுகளைக் கட்டிவைத்துவிட்டுப் போகக் கூடாது. கயிற்றை அவிழ்த்து மேட்டுப் பக்கம் விட்டுவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்தினுடையது 1070. இரண்டையும் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

செவிலியர் ஒருவர்:

அம்மாவின் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மின்சாரம் இல்லையென்று ஐஸ் கட்டியின் மேல் வைத்துவிடுவார்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதன் மேல் சிறிய பானையை வைத்து, மருந்தை ஈரம் புகாத பையில் கட்டி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடலாம். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த இரண்டு மாதமும் குறைந்தது ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்கட்டும். அடுப்பு எரியாமல் சாப்பாடு தாமதமானால் ஊசி போட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். வெல்லமோ சர்க்கரையோ எட்டும் இடத்தில் வையுங்கள்.

விவசாயி ஐயா சொன்ன டிரம்மைப் பற்றி ஒன்று. வாயை வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டாவிட்டால் ஒரு வாரத்தில் அதில் டெங்குக் கொசு முட்டையிட்டுவிடும். குடிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீரே வேண்டும். எரிவாயு உருளை ஒன்று எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

உப்பளத்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவிடம் பேசினேன். டிரம், பானை, கோடாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், வீட்டைவிட்டுக் கிளம்புவது என்றதும், "மாட்டை யார் பார்ப்பது?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டார். தெற்குத் தெருவில் மாடி வீட்டுச் சித்தப்பா தன் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் மாடுகளை விட்டுக்கொள்ளலாம் என்கிறார். மாடுகளோடு சேர்ந்து போவதென்றால் அப்பா சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். எதற்கும் தீபாவளியன்று சித்தப்பாவையே நேரில் பேச வைக்கப்போகிறேன். முன்கட்டின் முகட்டு ஓடுகளையும் ஓரத்து ஓடுகளையும் சிமென்ட் சாந்து வைத்துப் பூசக் கொத்தனாருக்கும் சொல்லிவிட்டேன்.