துண்டு சங்கத்துக்கு, ஓட்டு யாருக்கு?

எங்கள் தாத்தாவுக்குக் கோவைக்கு வடக்கே தோட்டம். 'தலைவர்' என்று அவர் சொன்னால் விவசாயிகள் சங்கத் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுதான். 1970 கரண்ட் கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்தார்கள். அதைப் பற்றித் தாத்தா அதிகம் பேசமாட்டார். 1972 மாட்டு வண்டிப் போராட்டம் என்றால் மட்டும் நிறுத்தவே மாட்டார். ரோடு ரோடாக வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தி, கோவையே நகர முடியாமல் போனதாம்.

அப்பேர்ப்பட்டவர், 1982-ல் நாயுடு இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியை ஆரம்பித்தபோது முகம் சுளித்தாராம். ஏன் என்று கேட்டேன். "சங்கம்னா ஊரே வரும் கண்ணு. கட்சின்னா அவனவன் பழைய கட்சி ஞாபகம் வந்துரும்" என்றார். எனக்கு இதைவிடச் சரியான விளக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை. காங்கிரஸ்காரர், திமுககாரர், இரட்டை இலைக்காரர் எல்லோரும் சங்கத்து அடையாளமான அதே பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு சங்கத்தில் உட்கார்ந்தவர்கள்தானே. சின்னம் கேட்டு ஓட்டுக்கு வந்ததும் பிரிந்துவிட்டார்கள். தாத்தாவும் 1984-ல் எம்.ஜி.ஆருக்குத்தான் போட்டாராம்! சிறு விவசாயிகளுக்கு இலவச கரண்ட் அறிவித்த வருடம் வேறு. போதாததற்கு இந்திரா காந்தி கொலை, எம்.ஜி.ஆர் அமெரிக்காவில் சிகிச்சையில். அந்த அனுதாப அலையில் புதுக் கட்சியை யார் பார்ப்பார்கள்?

*

அண்ணா, உங்கள் தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவில்பட்டிப் பக்கம். பிரசாரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்த இடத்தில்தான் நாயுடு இறந்தார், 1984 டிசம்பர் 21. ஓட்டுப்பதிவு 24-ஆம் தேதி. கட்சிக்கு அதற்குமேல் என்ன மூச்சு இருந்திருக்கும்?

எங்கள் அப்பா சொல்வது இன்னொன்று. இங்கே மழையை நம்பிய மானாவாரி. கிணறும் மோட்டாரும் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கரண்ட் கட்டணம் என்றால் அப்பாவுக்குச் சூடேறாது. கடனுக்கு ஜப்தி பண்ண வருவதை எதிர்த்துச் சங்கம் நின்றது, அதற்காகத்தான் அவர் துண்டு போட்டார். உங்கள் தாத்தா மோட்டாருக்காக, எங்கள் அப்பா கடனுக்காக. கூலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே ஒட்டாது, கட்சிப் பெயரில் உழைப்பாளர் இருந்தும். எல்லா விவசாயிகளுக்கும் இலவச கரண்ட் கலைஞர் ஆட்சியில், 1989 தேர்தலுக்கு அப்புறம்தான் வந்தது. அதற்குள் சங்கமே பல கூறாகப் பிரிந்திருந்தது. அப்பா எந்தக் கூறிலும் சேரவில்லை.