சஹாராவுக்கு ஆடு வந்ததா, ஆள் வந்தாரா?

மாதவரம் எழில்:
நேற்று ரமணி எழுதியதைப் படித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. ஆப்பிரிக்காவில் ஆடுமாடு மேய்ப்பதைப் பரப்பியதே மேற்கு ஆசியாவில் இருந்து கூட்டமாகக் குடியேறியவர்கள்தான் என்கிறார். 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. லிபியாவின் தென்மேற்கில், சஹாராவுக்குள், தகர்கோரி என்ற பாறை ஒதுக்கு. மேய்ச்சல் மக்கள் அங்கே புதைத்த இரண்டு பெண்களின் உடல்கள், 7000 ஆண்டு பழையவை, தானாகவே காய்ந்து கெடாமல் கிடைத்தன. அவர்கள் மரபணுவில் பெரும்பங்கு வட ஆப்பிரிக்காவின் பழைய வம்சம். மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் 15,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த வேட்டைக்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம். மேற்கு ஆசியக் கலப்பு மிகக் கொஞ்சம். ஆடு வந்தது, ஆள் கூட்டம் வரவில்லை.

ராயபுரம் ரமணி:
எத்தனை பேர்? ரெண்டு. ரெண்டு பேரை வைத்து சஹாரா முழுக்கத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் விசாரித்துவிட்டு ராயபுரமே இதைத்தான் சமைக்கிறது என்பீர்களா?

மாதவரம் எழில்:
சமையல் வேறு, மரபணு வேறு. ஒருவர் உடம்பில் தாத்தா பாட்டி, அவர்களுக்கும் மேலே நூற்றுக்கணக்கான முன்னோர்களின் துண்டுகள் இருக்கின்றன. பெரிய கூட்டம் வந்து கலந்திருந்தால் அந்தத் தடம் இந்தப் பெண்களிடம் பலமாக இருந்திருக்கும். எங்கள் கொட்டகையையே பாருங்கள். முர்ரா எருமை ஹரியானா பக்கத்து இனம். ஜெர்சி பசு இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஒரு தீவின் இனம். இரண்டையும் அப்பா வளர்த்தார். அதனால் நாங்கள் ஹரியானாவில் இருந்து வந்தவர்களா?

ராயபுரம் ரமணி:
ரெண்டு பேர். அதற்குப் பதில் வரவில்லை.

வியாசை நிலா:
ரமணி அண்ணே, ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடி பற்றிய சண்டையில், அங்கே கிடைத்த ஒரே ஒரு பெண்ணின் மரபணுவை வைத்து மூன்று நாள் எங்களை விரட்டினீர்களே? அப்போது ஒன்று போதும், இப்போது இரண்டு போதாதா?

ராயபுரம் ரமணி:
பழைய கணக்கை இங்கே இழுக்காதே நிலா. அங்கே அந்தப் பெண்ணோடு ஒத்துப்போகிற 11 பேர் ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் கிடைத்தார்கள். இங்கே யார்? ராக்கிகடி ஆய்வு வந்த அதே 2019-இல் கென்யா, தான்சானியாவில் 41 பேரைச் சோதித்தார்கள். வடக்கில் இருந்து மேய்ப்பர்கள் வந்து கலந்தது அங்கே தெரிந்தது. எழில் அதை ஏன் மறைக்கிறார்?

மாதவரம் எழில்:
மறைக்கவில்லை. அது கிழக்கு ஆப்பிரிக்கா, தகர்கோரிக்கு வெகுகாலம் பிந்தியது. அங்கே ஆட்கள் நகர்ந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதனால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று ஆகாது. அப்புறம் தகர்கோரிப் பானை ஓடுகளிலேயே பால் கொழுப்பு இருந்ததை 2012-இல் கண்டுபிடித்தார்கள். கறக்கவும் காய்ச்சவும் தெரிந்த மக்கள் அவர்கள்.

தண்டையார்பேட்டை குமார்:
பாலைப் பற்றி எழில் பேசுகிறாரா? அவர் வீட்டில் வாங்கிய பாலை எவ்வளவு காய்ச்சினாலும் ஆடை கட்டாது.

மாதவரம் எழில்:
அப்பாவை இழுக்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கறந்தவர் அவர். லாக்டோமீட்டரை முக்கிக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். மூன்று மாதப் பால் பாக்கியை அப்படியே விட்டவர் ஆடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

தண்டையார்பேட்டை குமார்:
பாக்கியா? நோட்டைக் காட்டு.

வியாசை நிலா:
வெப்பத்தில் டிஎன்ஏ சிதைந்துவிடும். ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றுதான் தேறியது. சஹாராவில் இரண்டு தேறியதே பெரிது.

ராயபுரம் ரமணி:
பெரிதுதான். ஆனாலும் ரெண்டுதான்.

மாதவரம் எழில்:
திரும்பத் திரும்ப ரெண்டு, ரெண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் இல்லை, அவை வெளியில் இருந்துதான் வந்தன. ஆனால் பக்கத்துக் கூட்டத்திடம் ஒரு குட்டியை வாங்கி, பார்த்துப் பழகி வளர்க்கிற அறிவு அந்த மக்களுக்கு இருந்திருக்காதா? எதைச் செய்தாலும் வெளியாள் வந்து கற்றுக்கொடுத்தான் என்றுதான் சொல்ல வேண்டுமா? நம்மைப் பற்றி அப்படிச் சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா ரமணி?

ராயபுரம் ரமணி:
உணர்ச்சியைக் கிளப்பினால் எண்ணிக்கை கூடாது. இன்னும் பத்து உடல் கிடைக்கட்டும், பேசுவோம்.

தண்டையார்பேட்டை குமார்:
நோட்டு எங்கே?

மாதவரம் எழில்:
பரணில் இருக்கிறது. நாளை படம் எடுத்துப் போடுகிறேன். ரமணி, முன்னோர் கணக்கு பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.